200 வினாத்தாள் போதுமா?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுக்கு உங்கள் ஊர் மாவட்ட அருங்காட்சியகத்தை எடுத்திருக்கிறீர்கள். தலைப்பு, அருங்காட்சியகச் செயல்பாடுகள் பற்றிய சமூகவியல் ஆய்வு. வாசலில் நின்று 200 பேரிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கி, சதவீதம் போட்டு எழுதிவிடலாம் என்று வழிகாட்டி சொல்கிறார். உங்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. 200 போதுமா, வேறு முறை ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டிருந்தாலும் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். தலைப்பில் இருப்பது அருங்காட்சியகத்தின் வேலை. கையில் இருக்கும் வினாத்தாளோ வந்துபோகிறவர்களின் கருத்தைக் கேட்பது. ஒரு ஓட்டல் சமையலறை எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள, சாப்பிட்டு வெளியே வருகிறவர்களிடம் மட்டும் விசாரிப்பது போல இது. அவர்களுக்கும் ஏதோ தெரியும்தான். ஆனால் அடுப்பங்கரைக்குள் யாரும் போகவே இல்லை. 200 பேரை 2,000 பேர் ஆக்கினாலும் அந்தக் குறை தீராது.

நான் சமூகவியல் படித்துவிட்டுப் பதினெட்டு ஆண்டுகளாக அருங்காட்சியகங்களில்தான் களப்பணி செய்துவருகிறேன். முதல் ஆறேழு ஆண்டுகள் பார்வையாளர்களை மட்டும் ஆராய்ந்தேன். பிறகுதான் அங்கே வேலை செய்கிறவர்கள் பக்கம் திரும்பினேன். புள்ளியியலில் எனக்குத் தேவையான அளவுதான் தெரியும். சிலைகளின் காலத்தைக் கணிப்பது, வேதியியல் பாதுகாப்பு எல்லாம் என் துறை இல்லை. கீழே எழுதுவதை அந்த வரம்போடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த அருங்காட்சியகத்திலும் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: வாயால் சொல்வது, கையால் செய்வது, தாளில் எழுதி வைப்பது. இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஆய்வாளருக்குப் பெரிய வேலை இல்லை. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் உட்கார வேண்டும். உதாரணத்துக்கு விளக்கப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பொதுமக்களுக்காக எளிய தமிழில் எழுதப்பட்டது என்று, அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பான காப்பாட்சியர் சொல்வார். பலகைகள் புதுப்பிக்கப்பட்டன என்று கோப்பில் இருக்கும். கூடத்தில் அரை நாள் நின்று பார்த்தால், அந்தப் பலகையை முழுசாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளாகவே இருப்பார்கள். அவர்களும் பொருளைப் பார்க்காமல் பலகையில் உள்ளதை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள், ஆசிரியர் கட்டுரை கேட்டிருப்பதால். மற்றவர்கள் பலகையை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் காவலரிடம் "இது என்ன சாமிங்க?" என்று கேட்பார்கள். இந்த மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாலே உங்கள் ஆய்வேட்டின் ஓர் இயல் கிடைத்துவிடும்.

சரி, வினாத்தாளுக்கு வருவோம். அது வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். யார் வருகிறார்கள், யார் வருவதில்லை என்ற கேள்விக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. 1960களில் பிரான்சில் பியர் பூர்தியூ என்ற சமூகவியலாளரும் அலேன் தார்பெல் என்ற புள்ளியியலாளரும் கலை அருங்காட்சியகங்களில் பெரிய அளவில் இதைச் செய்தார்கள். நுழைவுக் கட்டணத்தைவிடப் படிப்புதான் பெரிய தடை என்பது அவர்கள் கண்டது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, வருவதும் வராததும் அவரவர் ரசனை என்று நம்பியவர்களுக்கு அந்த எண்கள் அதிர்ச்சியாக இருந்தன. எண்ணிக்கொண்டே போனால்தான் தெரியவரும் உண்மை அது. நேர்காணல் எடுத்தால் எல்லோரும் "எனக்கு இதில் ஆர்வம் இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் 200 என்ற எண்ணுக்குத் தானாக எந்தப் பலமும் இல்லை. வருகிற எல்லோருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருந்தால், 200 பேரிடம் கிடைக்கும் விகிதத்தில் ஏறத்தாழ 7 சதவீதப் புள்ளி முன்பின் இருக்கலாம். 400 பேர் என்றால் 5. இந்தக் கணக்கெல்லாம் அந்த 'சமமாக இருந்தால்' என்ற நிபந்தனையில்தான் நிற்கிறது. வாசலில் நின்று, முகம் கொடுத்துப் பேசுகிறவர்களாகப் பார்த்து வினாத்தாளை நீட்டினால் கல்லூரி மாணவர்களும் தனியாக வந்த ஆண்களும் குவிந்துவிடுவார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த அம்மா விடுபடுவார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி தாளைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுவார். அதனால் வாசலில் மனத்துக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டும் ஒவ்வொரு பத்தாவது ஆளிடமும் பேசுங்கள், அவர் யாராக இருந்தாலும். மறுத்தவர்களையும் கணக்கில் எழுதுங்கள்: ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது, யாரோடு வந்தார். தாளை அவர் கையில் கொடுக்காமல் நீங்களே கேட்டு நிரப்புங்கள். வார நாள், ஞாயிறு, பள்ளி விடுமுறை, காணும் பொங்கல் என்று நாட்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். காணும் பொங்கல் அன்று வரும் கூட்டமும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வருகிறவர்களும் ஒரே மாதிரிக் காரணத்துக்காக வருவதில்லை.

கேள்விகளிலும் கவனம் வேண்டும். "அருங்காட்சியகம் பிடித்திருந்ததா?" என்று கேட்டால் நம் ஊரில் பத்தில் ஒன்பது பேர் "நல்லா இருக்கு" என்பார்கள். கேட்கிறவர் மனம் கோணக்கூடாது என்ற நல்ல பழக்கம் அது. இதை நான் புரிந்துகொள்ள மூன்று ஆய்வுகள் பிடித்தன. அதன்பிறகு கேள்வியை மாற்றினேன்: "வீட்டுக்குப் போனதும் பார்த்ததைப் பற்றி யாரிடம் முதலில் சொல்வீர்கள்? என்ன சொல்வீர்கள்?" பதில்கள் அப்படியே மாறிவிட்டன. ஒருவர் மம்மியைப் பார்க்க வந்து ஏமாந்ததைச் சொன்னார். இன்னொருவர் தன் தாத்தா தண்ணீர் இறைக்கப் பயன்படுத்திய இறைகூடை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததைச் சொல்லிக் கண் கலங்கினார். திருப்தி அளவை ஒன்று முதல் ஐந்து வரை கேட்டிருந்தால் இரண்டு பேருமே நான்கு என்றுதான் போட்டிருப்பார்கள். அப்புறம், பார்வையாளர்கள் எழுதுவதற்காக வைத்திருக்கும் கருத்துப் பதிவேடு. அதை ஆதாரமாக எடுக்கிறவர்கள் நிறையப் பேர். அதில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் அதிகாரிகளும் வெளியூர்ப் பயணிகளும். அருங்காட்சியகம் யாரிடம் பேனாவை நீட்டுகிறது என்று தெரிந்துகொள்ள நல்ல ஆவணம் அது. மக்கள் கருத்து என்று அதைக் கொள்ள முடியாது.

அடுத்தது, கண்ணால் பார்ப்பது. இதன் வரலாறு வினாத்தாளின் வரலாற்றைவிடச் சுவையானது. 1916-ல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், பெட்டிகளில் இருக்கும் பொருள்களையும் பலகைகளையும் சரியாகப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிய, வளைய, மண்டியிட வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்து வெளியிட்டார். பார்வையாளர் சீக்கிரம் சோர்ந்துபோவதற்குப் பெட்டி வைத்த விதமும் காரணம் என்று அந்தப் படங்கள் காட்டின. அந்தச் சோதனையை நீங்கள் நாளைக்கே செய்யலாம். உங்கள் அம்மாவை அழைத்துப் போய், அவர் எங்கெல்லாம் குனிகிறார், எங்கே கண்ணாடியில் விளக்கு பளபளத்துக் கண்ணைக் கூசவைக்கிறது, எங்கே உட்கார இடம் தேடுகிறார் என்று பார்த்தாலே போதும்.

1920களிலும் 30களிலும் எட்வர்ட் ராபின்சன், ஆர்தர் மெல்டன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கையில் கடிகாரத்தோடு பார்வையாளர்களைப் பின்தொடர்ந்தார்கள். யார் எந்தப் படத்தின் முன் எத்தனை நொடி நின்றார் என்று எழுதிக்கொண்டார்கள். கூடத்துக்குள் நுழைந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வலப்பக்கம் திரும்பினார்கள் என்பது மெல்டன் கண்ட பிரபலமான முடிவு. வெகுகாலம் கழித்து, 1990களில், பெவர்லி செரெல் என்ற ஆய்வாளர் நூற்றுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகக் காட்சிகளில் இதே மாதிரி நேரக்கணக்கைத் திரட்டினார். பெரும்பாலான காட்சிகளில் மக்கள் செலவழித்த நேரம் சராசரியாக 20 நிமிடத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. பல மாதம் உழைத்து உருவாக்கிய காட்சிக்கு 20 நிமிடம் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கசப்பான செய்திதான். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இங்கே எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மக்கள் பெரும்பாலான பொருள்களைக் கடந்து போய்விடுகிறார்கள், நேரம் ஆக ஆக நிற்பது குறைகிறது என்பது திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். வலப்பக்கம் திரும்புவது அப்படி இல்லை. பிற்பாடு வந்த ஆய்வுகளில் அது எல்லா இடத்திலும் நிற்கவில்லை. வாசல் எங்கே இருக்கிறது, கண்ணில் முதலில் எது படுகிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. நம் ஊருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கோயிலில் நாம் சாமி நமக்கு வலப்பக்கம் இருக்கும்படி வலம் வருகிறோம். அதாவது நுழைந்ததும் இடப்பக்கமாகத்தான் கால் போகிறது. கற்சிலைகளை நடுவில் வைத்திருக்கும் கூடத்தில் மக்கள் வலம் வருவது போலச் சுற்றுகிறார்களா, செப்பேடுகள் இருக்கும் கூடத்தில் வேறு மாதிரி நடக்கிறார்களா? நான் பார்த்த இரண்டு இடங்களில் வலம் வருவது போலத்தான் பட்டது. ஆனால் நான் முறையாக எண்ணவில்லை, அதனால் முடிவாகச் சொல்லத் தயங்குகிறேன். நீங்கள் ஐம்பது பேரின் பாதையைத் தரைப்படத்தில் பென்சிலால் வரைந்தால் அதுவே புதிய தரவு.

பின்தொடர்ந்து பார்ப்பதற்கு, வெளிநாட்டு நூல்களில் இருக்கும் குறியீட்டுப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நின்றார், படித்தார், சுட்டிக்காட்டினார், பேசினார் என்று அதில் இருக்கும். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு அதில் குறியீடு இல்லை. கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கும், சிலையின் பாதத்தருகே ஒரு ரூபாயை வைத்துவிட்டுப் போவதற்கும் இல்லை. ஒரு நாள் முழுக்க எந்தப் பட்டியலும் இல்லாமல் பாருங்கள். பார்த்ததிலிருந்து உங்கள் பட்டியலை உருவாக்குங்கள். காசு வைக்கிறவரைக் காவலர் தடுக்கிறாரா, பார்க்காதது போல இருக்கிறாரா, சாயங்காலம் அந்தக் காசு எங்கே போகிறது என்பதெல்லாம் அருங்காட்சியகச் செயல்பாடுதான். சிலை சாமியா, கலைப்பொருளா என்ற பெரிய கேள்வியை அங்கே ஒரு கடைநிலை ஊழியர் தினமும் பலமுறை தன் முகபாவத்தாலேயே தீர்த்துவைக்கிறார்.

மக்கள் ஓர் இடத்துக்கு வைக்கும் பெயரும் தரவுதான். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் எட்வர்ட் பால்ஃபர் பொறுப்பில் தொடங்கியது. அது முதலில் இருந்தது கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், அதிலிருந்து பிறந்த உயிர்க்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். அந்தப் பெயர்களில் ஒரு பாகுபாட்டு அறிவியலே இருக்கிறது. மக்கள் அந்த இடத்தை எந்த வரிசையில் வைத்துப் புரிந்துகொண்டார்கள் என்று எந்த ஆண்டறிக்கையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. உங்கள் ஊரில் ஆட்டோக்காரர்கள் அருங்காட்சியகத்தை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இனி அடுப்பங்கரைக்குள் போவோம். இதற்கு எனக்கு வழிகாட்டியது ஷாரன் மெக்டொனால்ட் என்ற மானிடவியலாளர் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் செய்த களப்பணி. 1989-ல் திறக்கப்பட்ட ஓர் உணவுக் காட்சிக்கூடத்தை அதன் குழு உருவாக்கிக்கொண்டிருந்தபோது அவர் கூடவே இருந்தார். கூட்டங்களில் உட்கார்ந்தார், சண்டைகளைக் கேட்டார், கடைசி நேரப் பரபரப்பைப் பார்த்தார். இது நல்ல உணவு, இது கெட்ட உணவு என்று பாடம் நடத்தக்கூடாது, பார்க்கிறவர்களே முடிவு செய்யட்டும் என்று அந்தக் குழு மனப்பூர்வமாக விரும்பியது. திறந்த பிறகு வந்தவர்களில் பலர் அதை நல்ல உணவு, கெட்ட உணவு பற்றிய பாடமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் சோம்பேறி இல்லை. எண்ணம் காட்சியாக மாறும் வழியில் எத்தனையோ சின்னச் சின்ன முடிவுகள் அதைத் திருப்பிவிடுகின்றன. அந்த முடிவுகளைப் பார்க்க வேண்டுமென்றால் அவை எடுக்கப்படும்போது அறைக்குள் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் ரிச்சர்ட் ஹேண்ட்லரும் எரிக் கேபிளும் செய்த ஆய்வும் இதே திசையில்தான். அடிமைகளின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்வோம் என்று நிர்வாகம் கொள்கை வகுத்திருந்தது. வீடுகளைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளின் வாய்க்கு வரும்போது அந்தக் கொள்கை மெலிந்துபோனது. எசமானர்களுக்கும் அடிமைப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் பற்றிய பேச்சு வந்தால், "அதற்கு ஆவண ஆதாரம் இல்லை" என்று வெள்ளை வழிகாட்டிகள் சொல்லிக் கடந்தார்கள். ஆவணம் என்ற சொல் அங்கே எதைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்பது கூடவே நடந்து கேட்டால்தான் தெரியும். கொள்கை அறிக்கையைப் படித்தோ மேலாளரைப் பேட்டி கண்டோ தெரிந்திருக்காது.

உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்தில் ஒரு காப்பாட்சியர், ஓர் எழுத்தர், இரண்டு மூன்று காவலர்கள், ஒரு துப்புரவுப் பணியாளர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் காப்பாட்சியரைத்தான் பேட்டி காண்பார்கள். நீங்கள் காவலர்களோடும் துப்புரவுப் பணியாளரோடும் அதிக நேரம் செலவிடுங்கள். பொருள்களோடு நாள் முழுதும் இருப்பவர்கள் அவர்கள்தான். மழைக்காலத்தில் எந்தச் சுவரில் ஈரம் கசிகிறது, எந்தப் பெட்டிக்குள் பூச்சி வருகிறது, பிள்ளைகள் எதைப் பார்த்ததும் ஓடிவருகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். "உங்கள் பணி என்ன?" என்று கேட்காதீர்கள், பணி விதிகளில் எழுதியிருப்பதைத்தான் சொல்வார்கள். "நேற்று காலையில் வந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். சாவியைப் பின்தொடர்ந்தால் அந்த நிறுவனத்தின் அதிகார அமைப்பு முழுவதும் தெரிந்துவிடும். காப்பாட்சியர் அறையில் உட்கார்ந்து காவலரைப் பேட்டி காணாதீர்கள். டீக்கடை நல்ல இடம். ஒலிப்பதிவு செய்தால் பேச்சு சுருங்கிப்போகும். கேட்டு முடித்து, அன்றிரவே எழுதிவிடுங்கள். ஒரு நாள் தள்ளிப்போட்டால் அவர் சொன்ன சொல் போய், உங்கள் சொல் வந்து உட்கார்ந்துவிடும்.

தாள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதுகலை மாணவர்கள் இதைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு பொருளும் உள்ளே வரும்போது பதிவேட்டில் எண் பெறுகிறது. அந்தப் பதிவேட்டின் கட்டங்களைப் பாருங்கள். பொருளின் பெயர், அளவு, காலம், கிடைத்த இடம், விலை, யாரிடமிருந்து பெறப்பட்டது. 'யார் பயன்படுத்தினார்கள்' என்பதற்குக் கட்டம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அந்த இறைகூடையைப் பின்னிய கையின் பெயரும், அதில் தண்ணீர் இறைத்தவரின் பெயரும் முதல் நாளே தொலைந்துபோனது அந்த இல்லாத கட்டத்தில்தான். சூசன் லீ ஸ்டாரும் ஜேம்ஸ் கிரீஸ்மரும் 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. கலிஃபோர்னியாவில் பெர்க்லியின் முதுகெலும்பு விலங்கியல் அருங்காட்சியகம் 1907 முதல் 1939 வரை எப்படி இயங்கியது என்று பழைய தாள்களை வைத்தே எழுதினார்கள். புரவலர் ஆனி அலெக்சாண்டர், இயக்குநர் ஜோசஃப் கிரின்னெல், காட்டில் விலங்கு பிடிக்கும் வேட்டைக்காரர்கள் என ஆளாளுக்கு நோக்கம் வேறு. எங்கே, எப்போது பிடிபட்டது என்று ஒரே மாதிரி நிரப்பச் சொன்ன படிவங்கள்தான் அவர்களைச் சேர்த்து வேலை செய்யவைத்தன. ஒரு படிவம் எவ்வளவு வேலை செய்யும் என்று எனக்குக் காட்டிய ஆய்வு அது.

நம்மிடம் அதற்கு ஈடான ஒரு புதையல் இருக்கிறது, சொல்லப்போனால் புதையலேதான். 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதோ வயலில் உழும்போதோ வெளிவந்த சிலைகள் பல, இந்த வழியில்தான் தமிழக அருங்காட்சியகங்களுக்கு வந்தன. ஊர் மக்கள், கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், ஆட்சியர், காப்பாட்சியர் என்று ஒரு சிலை பயணிக்கும் பாதையில் ஒவ்வொருவரும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைக்கிறார்கள். ஊரில் அது சாமி. வட்டாட்சியர் அலுவலகத்தில் அது பொறுப்பில் உள்ள பொருள். ஆட்சியர் கடிதத்தில் புதையல். அருங்காட்சியகத்தில் இன்ன நூற்றாண்டு, இத்தனை சென்டிமீட்டர் உயரம். ஊர்க்காரர்கள் சிலையைத் திருப்பிக் கேட்டு எழுதிய மனு கோப்பில் இருந்தால் அதை ஒருமுறைக்கு இரண்டு முறை படியுங்கள். ஒரே ஒரு சிலையின் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படித்து எழுதினால், அது 200 வினாத்தாளைவிட ஆழமான ஆய்வு என்று நான் உறுதியாகச் சொல்வேன். கோப்பைப் பார்க்க முதலில் நேரில் கேளுங்கள். 2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதுதான், ஆனால் மனு போட்ட மறுநாளிலிருந்து உங்களுக்கு யாரும் டீ கொடுக்க மாட்டார்கள். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறம் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர். அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களும் அதற்குத் தப்பவில்லை. அளக்கப்பட்டவர்களுக்கு அந்த எண்கள் எங்கே போகும், தங்களைப் பற்றி என்ன சொல்லும் என்று தெரியாது. நம் ஊரில் அருங்காட்சியகமும் மனிதர்களை ஆராய்வதும் சந்தித்த இடம் அது. கையில் குறிப்பேட்டோடு நான் ஒருவருக்குப் பின்னால் நிற்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும். ஆகவே, ஆய்வு நடக்கிறது என்று வாசலில் தெளிவான தமிழில் அறிவிப்பு வையுங்கள். நீங்கள் பின்தொடர்ந்தது யாருக்காவது தெரிந்து சங்கடப்பட்டால், அந்தத் தாளை அவர் எதிரிலேயே கிழித்துப் போடுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள்.

ஊழியர்கள் விஷயத்தில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். ஓர் அருங்காட்சியகத்தில், பெட்டிகளை ஏன் மாதக்கணக்கில் துடைக்கவில்லை என்று ஒரு காவலர் எனக்கு விளக்கினார். சாவி இரண்டு ஊர்களுக்குப் பொறுப்பான ஓர் அதிகாரியிடம் இருந்தது. அவர் வரும் நாளில்தான் பெட்டி திறக்கும். நான் அறிக்கையில் 'ஒரு காவலர் கூறினார்' என்றுதான் எழுதினேன், பெயர் போடவில்லை. அங்கே இருந்ததே இரண்டு காவலர்கள், அதில் ஒருவர் இரவுப் பணி. ஒரே வாரத்தில் அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டுவிட்டார்கள். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டபோது, "விடுங்க, உண்மையத்தான எழுதுனீங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. சின்ன நிறுவனத்தில் பெயரை மறைப்பது மறைப்பே இல்லை. ஊரின் பெயரை மாற்றுங்கள், இரண்டு மூன்று இடங்களில் கேட்டதை ஒன்றாகச் சேர்த்து எழுதுங்கள், சொன்னவருக்கே முதலில் படித்துக் காட்டுங்கள். அதற்கும் ஆபத்து என்றால் எழுதாமல் விடுங்கள். ஒரு நல்ல மேற்கோள் போனால் ஆய்வேடு செத்துவிடாது.

இந்த முறைகளுக்கு எல்லை உண்டு. ஓர் அருங்காட்சியகத்தில் நான்கு மாதம் இருந்து எழுதுவது அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான். தமிழ்நாட்டு அருங்காட்சியகங்கள் எல்லாம் இப்படி என்று கடைசி இயலில் எழுதிவிடாதீர்கள். நீங்கள் அங்கே நிற்பதாலேயே முதல் சில நாட்கள் எல்லோரும் கொஞ்சம் கூடுதல் ஒழுங்கோடு இருப்பார்கள்; அது இரண்டு மூன்று வாரத்தில் தளரும், முழுசாகப் போகாது. பார்வையாளர்கள் என்ன 'கற்றுக்கொண்டார்கள்' என்பதை வெளியே வரும் வாசலில் அளக்க முடியும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. பார்த்த ஒன்று பத்து வருடம் கழித்துத்தான் வேலை செய்கிறது பலருக்கு, எனக்கும் அப்படித்தான். ஆனால் இதில் என்னோடு உடன்படாத, என்னைவிடத் தேர்ந்த ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ நான்கு மாதம், நீங்கள் ஒரே ஆள். முதல் இரண்டு வாரம் வினாத்தாளைத் தொடாதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். அடுத்த ஒன்றரை மாதத்தில் ஐம்பது அறுபது பேரின் நடைபாதையைத் தரைப்படத்தில் வரையுங்கள், கூடவே பதிவேட்டையும் ஒரு சிலையின் கோப்பையும் படியுங்கள். ஊழியர்கள் அத்தனை பேரோடும் குறைந்தது இரண்டு முறையாவது பேசுங்கள். இரண்டாவது முறைதான் பேச்சு வரும். கடைசியில், பார்த்ததிலிருந்து எழுந்த கேள்விகளை வைத்து ஒரு பக்க வினாத்தாள் தயாரித்து, அந்தக் கோட்டு முறையில் 200 பேரிடம் கேளுங்கள். வழிகாட்டி கேட்ட எண்ணிக்கையும் வந்துவிடும். அவரிடம் வாதாட வேண்டாம். முதல் இரண்டு வாரக் குறிப்புகளிலிருந்து பத்துப் பக்கம் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் பார்த்தவரை, களக்குறிப்பைப் படித்த பிறகு எந்த ஆசிரியரும் "இதெல்லாம் வேண்டாம்" என்று சொன்னதில்லை.

அனுமதிக் கடிதம் துறைத் தலைவர் கையெழுத்தோடு இருக்கட்டும். மாவட்டக் காப்பாட்சியருக்கு ஒரு பிரதியும், சென்னையில் இருக்கும் அருங்காட்சியகங்கள் துறைக்கு ஒரு பிரதியும் அனுப்பிவிடுங்கள், பதில் வரச் சில வாரம் ஆகலாம். அனுமதி வந்த முதல் நாள், திறக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்பே போய்விடுங்கள். யார் பூட்டைத் திறக்கிறார், எந்தக் கூடத்தில் முதலில் விளக்குப் போடுகிறார், எந்தக் கூடத்தை ஆள் வரும்வரை இருட்டாகவே விட்டுவைக்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை இங்கே போட்டால், அடுத்து எதைப் பார்ப்பது என்று சேர்ந்து யோசிக்கலாம்.